கூலிக் கணக்கும் குடும்பக் கணக்கும்: பொருளியலர் அம்பேத்கரை வெள்ளிமலையிலிருந்து வாசித்தல்

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை வரும். இன்று அது கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். 1976 வரை இம்மலை ஊர்கள் மூன்று ஜாகிர்களின் பிடியில் இருந்தன. மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, பெயர்தான் குழப்புகிறது) தாங்கள் உழுத நிலத்திற்கு ஜாகிர்தார்களுக்கு வரி கொடுத்தனர். கூலியில்லாமல் உழைப்பும் கொடுத்தனர். வெட்டியுழைப்பைத் தடைசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் உறுப்பு 1950 ஜனவரி 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த உறுப்பு இந்த மலையேற 26 ஆண்டுகள் ஆயின. வாக்குரிமை 1996-இல்தான் இம்மக்களைச் சென்றடைந்தது என்பது 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் பேசப்பட்டது.

ஒரு மனிதன் ஏன் கூலியில்லாமல் உழைக்கிறான், ஏன் அரைக் கூலிக்குச் சம்மதிக்கிறான் என்னும் கேள்வியை வாழ்நாள் முழுவதும் விடாது கேட்டவர் அந்த அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவர். அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக நாம் கொண்டாடுகிறோம். அவர் பெற்ற முதல் முனைவர் பட்டங்கள் பொருளியலுக்கானவை என்பது ஏப்ரல் 14 சுவரொட்டிகளில் ஒரு வரியாக வந்துபோகிறது. அந்த ஒரு வரியின் வழியே அவர் வாழ்வை இங்குச் சொல்ல முயல்கிறேன்.

1891-இல் மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். ஓய்வுக்குப்பின் குடும்பம் சாத்தாராவில் தங்கியது. சிறுவயதிலேயே தாய் பீமாபாய் இறந்தார், அத்தை வளர்த்தார். தந்தைக்குக் கோரேகாவில் காசாளர் வேலை கிடைத்தது. பஞ்சத்தில் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த காலம் அது. பட்டினியில் இருந்தோருக்கு வேலை கொடுக்க அரசு அங்கே ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூலியை எண்ணிக் கொடுக்கும் இடத்தில்தான் ராம்ஜி இருந்தார். பொதுப்பணி, கூலி, பசி ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தைப் பிற்காலப் பொருளியலர் தம் வீட்டிலேயே கண்டுவிட்டார் எனலாம்.

1901-இல் தந்தையைப் பார்க்கச் சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இரயிலிறங்கினர். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகைக்கு ஒருவர் ஒத்துக்கொண்டார். ஆனால் மாட்டைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்துவருவார். வழியில் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கவில்லை. இந்நிகழ்வை நாம் தீண்டாமையின் கொடுமைக்குச் சான்றாகவே படித்திருக்கிறோம். அதற்குள் ஒரு விலைக்கணக்கும் இருக்கிறது. ஒரே சேவைக்கு ஒரு சாதி இரண்டு மடங்கு கொடுக்கிறது, வண்டிக்காரரின் வேலையையும் தானே செய்கிறது. சந்தையில் எல்லார் காசும் ஒன்றே என்னும் பாடநூல் இலக்கணம் பத்து வயதுச் சிறுவனின் முன்னே உடைந்துபோனது.

பம்பாய்க்கு வந்த குடும்பம் பரேல் ஆலைப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் வாழ்ந்தது. எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றார். 1913-இல் தந்தை இறந்தார். அதே ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குக் கப்பலேறினார். பொதுநிதியியல் அறிஞர் எட்வின் செலிக்மன் அங்கே அவருக்கு ஆசிரியர். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகம், பிரித்தானிய இந்தியாவின் மாகாண நிதி என்று அரசின் வரவுசெலவை அவர் ஆராய்ந்தார். யாரிடமிருந்து வரி எடுக்கப்படுகிறது, யாருக்குச் செலவாகிறது என்பதே அந்த ஆய்வுகளின் அடிச்சரடு.

1918-இல் வெளிவந்த ஒரு கட்டுரையை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தியாவின் சிறு நிலவுடைமைகளும் அவற்றுக்கான தீர்வுகளும் பற்றியது அது. நிலங்கள் துண்டுதுண்டாகிவிட்டன, அவற்றை இணைத்துப் பெரிதாக்கினால் வேளாண்மை செழிக்கும் என்று அக்காலத்து நிர்வாகிகள் பேசினர். அம்பேத்கர் கேள்வியைத் திருப்பிப்போட்டார். ஒரு நிலம் சிறிதா பெரிதா என்பதை ஏக்கரால் அளக்க முடியாது. அதில் போடப்படும் முதலும் உழைப்பும் எவ்வளவு என்பதே அளவுகோல். இந்திய நிலத்தில் முதல் குறைவு, ஆட்கள் அதிகம். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் நிலத்தில் நிற்கிறார்கள், ஆனால் வேலை இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. மற்ற மூவரும் உழைப்பதாகத் தோன்றும் வேலையற்றோர். அவர்களுக்கு நிலத்துக்கு வெளியே வேலை வேண்டும், அதற்குத் தொழில்வளர்ச்சி வேண்டும் என்று வாதிட்டார். ஆர்தர் லூயிஸ் மிகையுழைப்பு பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1954-இல். அதற்காகவும் சேர்த்து 1979-இல் நோபல் பரிசு பெற்றார். கரீபியத் தீவொன்றின் கறுப்பினத்தவரான லூயிஸும் அம்பேத்கரும் லண்டன் பொருளியல் பள்ளியின் மாணவர்கள். 36 ஆண்டு முந்தைய கட்டுரையை உலகப் பாடத்திட்டங்கள் இன்றும் தேடிப் படிப்பதில்லை.

வெள்ளிமலைச் சுற்றுவட்டாரத்தில் மரவள்ளியும் சாமையும் போடும் குடும்பங்களைப் பார்க்கும்போது அந்தக் கட்டுரை நினைவுக்கு வரும். நிலம் இருக்கிறது, பாசனமும் முதலும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தின் பாதி பேருக்கு மலையில் வேலையில்லை. சமவெளிக் கரும்புத் தோட்டங்களுக்கும் செங்கற்சூளைகளுக்கும், கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கும் இறங்கிப்போகிறார்கள். நிலம் வைத்திருப்பவர் எப்படிக் கொத்தடிமையாவார் என்று விசாரணைகளில் கேட்கப்படுவதுண்டு. நிலத்தின் அளவு எதையும் சொல்லாது என்பதே 1918-இன் விடை.

1917-இல் பரோடா அரசுப்பணிக்குப் போன அறிஞருக்குத் தங்க வீடு கிடைக்கவில்லை. பெயரை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். பிறகு பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையைத் தொடுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. சேர்த்த பணத்தோடு 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார்.

அங்கு அவர் எழுதிய ரூபாயின் சிக்கல் 1923-இல் நூலாக வந்தது. நாணயமாற்று பற்றிய அந்நூலை வறண்ட தலைப்பு என்று ஒதுக்கிவிடக்கூடாது. ரூபாயின் மதிப்பு வீழும்போது ஏற்றுமதி பெருகுகிறது, நாட்டுக்கு நன்மை என்று வணிகர்கள் சொன்னார்கள். அந்த நன்மை எங்கிருந்து வருகிறது என்று அம்பேத்கர் கணக்குப் பார்த்தார். விலைவாசி ஏறுகிறது, கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஏற்றுமதியாளரின் இலாபம் என்பது கூலிக்காரரின் கஞ்சியில் குறைந்த பங்கு. பணத்தின் மதிப்பைக் கூலி வாங்குபவரின் கையிலிருந்து அளந்த இந்திய ஆய்வு அந்நாளில் அரிது.

இந்த ஆய்வு நடந்த ஆண்டுகளில் பம்பாயில் அவர் மனைவி ரமாபாய் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வர் இறந்தனர். யஷ்வந்த் மட்டுமே எஞ்சினார். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926-இல் இறந்தான். ரமாபாய் 1935 மே மாதம் மறைந்தார். அறிஞரின் தியாகம் என்று இதைச் சொல்வது வழக்கம். தியாகம் யாருடையது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சம்பளமில்லாத வீட்டு உழைப்பின் மீதுதான் அந்தப் பட்டங்கள் நின்றன. பின்னாளில் பேறுகாலம், குழந்தைப் பெருக்கம், பெண்ணின் சொத்து என்று மீண்டும் மீண்டும் அவர் சட்டமன்றங்களில் பேசியதை இந்த வீட்டுக் கணக்கிலிருந்து பிரித்துப் படிக்க என்னால் இயலவில்லை.

பம்பாய் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்ட அவர், 1928 ஜூலையில் பேறுகால நலச் சட்ட முன்வரைவை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்பதை நாட்டின் நலனாக வைத்தார். செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்பது முறை, அது நடக்கும்வரை அப்பெண்ணின் உழைப்பால் ஆதாயமடையும் முதலாளி கொடுப்பதில் தவறில்லை என்றார். 1929-இல் அது சட்டமானது.

அதே 1928-இல் மகார் வதன் முறையை ஒழிக்கும் முன்வரைவையும் கொண்டுவந்தார். நம் ஊர்களின் வெட்டி, தோட்டி ஊழியங்களை அறிந்தவருக்கு வதன் புதிதல்ல. துண்டு நிலமும் கொஞ்சம் தானியமும் கொடுத்துவிட்டு, ஊர்வேலைக்கும் அரசுவேலைக்கும் இரவுபகல் எந்நேரமும் அழைக்கும் ஏற்பாடு அது. ஊழியக்காரர் இல்லாதபோது அவர் தந்தையையோ வீட்டிலிருக்கும் வேறொருவரையோ அழைத்துக்கொள்ளலாம் என்பதை அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். ஒரு பெயருக்குக் கூலி, உழைப்போ குடும்பம் முழுவதற்கும் உரியது.

இந்த ஏற்பாடு வதனோடு செத்துவிடவில்லை. செங்கற்சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. கணவன் மண் குழைப்பார், மனைவி கல் அறுப்பார், பிள்ளைகள் கல்லைத் திருப்பிக் காயவைப்பார்கள். மேஸ்திரி கொடுத்த முன்பணம் கணவர் பெயரில் இருக்கும். வாரச் செலவுப்பணமும் அவர் பெயரில்தான். இத்தகைய வழக்குகளில் மனு எழுத அமரும்போது முதலில் தடுக்குவது இங்கேதான். படிவத்தில் தொழிலாளர் பெயர் என்னும் இடத்தில் எத்தனை பேரை எழுதுவது? வருகைப் பதிவேட்டில் மனைவி இல்லை, ஆகவே அவர் வேலையே செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

1936-இல் அவர் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்று பெயர். மறுவருடத் தேர்தலில் வென்று, கொங்கணத்துக் கோத் நிலமுறையை ஒழிக்க 1937 செப்டம்பரில் முன்வரைவு கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் உழவர்களைத் திரட்டிப் பம்பாய் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் நடத்தினார். கோத்தாரைப் பற்றிப் படிக்கும்போது கல்வராயன் ஜாகிர்தார் நினைவுக்கு வராமல் போகாது; இருவரும் அரசுக்கும் உழவனுக்கும் நடுவே நின்று வரி வாங்கினர், உழைப்பும் வாங்கினர். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் தொழில்தகராறு முன்வரைவுக்கு எதிராகப் பொதுவுடைமையரோடு இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். விருப்பமில்லாத ஒருவரைத் தண்டனையைக் காட்டி வேலைசெய்ய வைப்பது அடிமைத்தனமே என்பது அவர் வாதம். அதே வாரத்தில் அவர் கட்சியின் பி.ஜே. ரோஹம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசு வசதி செய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து தோற்றார்.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1946 வரையான இந்த நான்கு ஆண்டுகள் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. அரசும் முதலாளிகளும் தொழிலாளர்களும் கூடும் முத்தரப்பு மாநாடு அவர் காலத்தில் நிலைபெற்றது. ஆலை வேலைநேரம் வாரத்திற்கு 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது. சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமானது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி உருவானது.

இவற்றுக்கெல்லாம் அடியில் அவர் இட்ட அடித்தளம் தரவு. கூலி எவ்வளவு, வீடு எப்படி, கடன் எவ்வளவு என்று தெரியாமல் சட்டம் செய்ய முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். 1944-இல் டி.வி. ரேகே தலைமையில் தொழிலாளர் ஆய்வுக் குழு அமைந்தது. சுரங்கம், தோட்டம், ஆலை எனப் பல தொழில்களின் கூலி, குடியிருப்பு, கடன், வாழ்நிலையை அது நேரில் ஆராய்ந்தது. பி.பி. அடார்க்கர் தொழிலாளர் நோய்க்காப்பீடு பற்றி அறிக்கை அளித்தார். 1948-இன் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் ஈ.எஸ்.ஐ. என்பது, அதிலிருந்து வந்தது. ரேகே குழு வேளாண் தொழிலாளரைத் தொடவில்லை. தலித்துகளின் பெரும்பகுதி நின்ற இடம் வயல்தான் என்பதால் இது சிறிய விடுபடல் அன்று.

ஒரு சறுக்கலையும் மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைசெய்வது போருக்கு முன்பே விலக்கப்பட்டிருந்தது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி அரசு 1943-இல் அத்தடையை நீக்கியது. மத்தியச் சட்டமன்றத்தில் அதற்கு விடைசொல்ல வேண்டியவராக அம்பேத்கர் இருந்தார், அரசின் முடிவைக் காத்துப் பேசினார். ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் என்ற நிபந்தனையை அவர் முன்னிறுத்தினார். சுரங்கப் பெண்களின் பேறுகாலச் சட்டமும் அவ்வாண்டு திருத்தப்பட்டது. 1946-இல் தடை மீண்டும் வந்தது. சமக்கூலி பெரிய வெற்றிதான். ஆனாலும் நெருக்கடி என்று அரசு சொல்லும்போது முதலில் தளர்வது ஏழைப் பெண்ணின் பாதுகாப்பே என்பதற்கு அவர் இருந்த அமைச்சகமே சான்றாக நிற்கிறது.

1946 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதிய முன்வரைவை அவர் மன்றத்தில் வைத்தார். சில மாதங்களில் பதவிக்காலம் முடிந்தது. இடைக்கால அரசில் தொழிலாளர் துறையை ஏற்ற ஜெகஜீவன்ராம் காலத்தில், 1948-இல், அது சட்டமானது. ஒரு தலித் தொடங்கியதை மற்றொரு தலித் முடித்தார். வேளாண்மை அதன் அட்டவணையில் இடம்பெற்றது. துண்டுவேலை செய்பவருக்கும் காலக்கணக்கிலான குறைந்தபட்ச ஊதியம் குறையக்கூடாது என்று 17-ஆம் பிரிவு வகைசெய்தது. சூளை வழக்குகளில் நாங்கள் பற்றிக்கொண்ட கொம்பு அதுவே. 2019-இன் ஊதியச் சட்டத்தொகுப்பு அச்சட்டத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டது.

1947-இல் அரசமைப்பு அவைக்காக எழுதிய மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் ஆவணத்தில் அவர் தம் பொருளியலை முழுதாகத் திறந்துவைத்தார். வேலையில்லாதவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, சங்கம் சேரக்கூடாது, நேரம் கேட்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தால் அவர் ஒப்புக்கொள்வார். பசிக்கு அஞ்சுபவரின் அடிப்படை உரிமைகள் தாளில்தான் இருக்கும். எனவே வேளாண் நிலம் அரசுடைமையாகிக் கூட்டுப்பண்ணைகளாக வேண்டும், அவற்றில் நிலக்கிழார், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்னும் பிரிவுகள் இருக்கக்கூடாது என்று முன்மொழிந்தார். கூலிக்கேற்ற ஆயுள் காப்பீட்டை வயதுவந்த ஒவ்வொருவருக்கும் அரசே கட்டாயமாக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நிலமும் காப்பீடும் அரசமைப்பில் ஏறவில்லை. வெட்டியுழைப்புத் தடை ஏறியது.

பெண்ணுக்குச் சொத்தும் மணவிலக்கும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லி 1951 செப்டம்பரில் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவினார்; டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார். அவர் மறைந்து 26 ஆண்டுகள் கழித்து, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுப்பது 23-ஆம் உறுப்பு தடுக்கும் வலுக்கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கிலியும் சாட்டையும் வேண்டாம், பசியே வலுக்கட்டாயம் என்று நீதிமன்றம் ஏற்ற தர்க்கம் 1947 ஆவணத்தில் அப்படியே இருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தினக்கூலிகள், தலித்துகள். தாய்தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் உண்டு. அன்றாடம் மூட்டை தூக்கியும் சுமை இறக்கியும் வாங்கிய கூலியில் ஏன் குடித்தார்கள் என்று தொலைக்காட்சிகளில் கேட்டவர்கள், அந்தக் கூலியில் என்ன மிஞ்சும் என்று கேட்கவில்லை. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அரசு கொடுத்தது. குடித்துச் செத்தவனுக்கு ஏன் பணம் என்று ஏளனமும் எழுந்தது. கூலிக்காரர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் வீட்டாருக்கு உரிமையாக வரும் காப்பீட்டுத் தொகையை யாரும் இப்படி ஏளனம் செய்திருக்க முடியாது.

அந்தச் சாவுகளுக்கு மறுமாதம்தான் கல்வராயன் மலை மக்களின் நிலையை உயர்நீதிமன்றம் தானாக விசாரணைக்கு எடுத்தது. சாராய ஊறலைத் தேடி மட்டுமே அரசு ஏறிவந்த மலையில், சாலை, மருத்துவமனை, பள்ளி, நியாயவிலைக் கடை, வேலை ஆகியவற்றின் நிலைகுறித்து அரசிடம் அறிக்கை கேட்கப்பட்டது. எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பங்கள் எந்த மாதத்தில் கூலிக்கு இறங்குகின்றன, முன்பணம் எவ்வளவு, குடும்பத்தில் எத்தனை பேர் உழைத்து எத்தனை பேர் பெயரில் கூலி பெறுகிறார்கள் என்னும் கணக்கும் அந்த அறிக்கைகளோடு சேர வேண்டும். 1944-இல் ரேகே குழு ஆலைகளிலும் சுரங்கங்களிலும் எடுத்தது அத்தகைய கணக்கைத்தான். வெள்ளிமலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தொடங்கினால் ஒரு பருவத்திற்குள் எடுத்துவிடலாம்.